நான்கு மாதமும் பத்து நாளும்

எங்கள் பகுதியில் "தொண்டர் ஆசிரியை" என்பது ஒரு தொழிலின் பெயர். காலை ஏழரை மணிக்கு முன்னர் பாடசாலைக்குப் போய்விட வேண்டும். மற்ற ஆசிரியைகளுக்குப் போலவே நேரசூசியில் பாடவேளைகள் இருக்கும். தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள் தயாரிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். விளையாட்டுப் போட்டி வந்தால் இல்லமொன்றுக்குப் பொறுப்பாக வெயிலில் நிற்க வேண்டும். ஒன்றரை மணிக்கு மணியடித்ததும் எல்லாருடனும் வீடு திரும்பலாம். ஒரேயொரு வித்தியாசம். மாத முடிவில் மற்றவர்களின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். தொண்டர் ஆசிரியையின் பெயர் இராது.

என் உம்மா அப்படியொரு ஆசிரியை. 2005ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை.

அது எப்படித் தொடங்கியது என்று உம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எங்கும் ஜனாஸாக்கள். மிஞ்சிய பாடசாலைகள் முகாம்களாகின. மாணவர்களை இழந்த ஆசிரியர்களும் ஆசிரியர்களை இழந்த மாணவர்களும் தகரக் கொட்டில்களில் கூடி மீண்டும் பாடம் தொடங்கியபோது, படிப்பிக்க ஆள் போதவில்லை. யுத்த காலத்திலிருந்தே வடக்கிலும் கிழக்கிலும் இந்தப் பற்றாக்குறை இருந்தது. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளைகள்தான் பல பாடசாலைகளில் அந்த இடைவெளியை நிரப்பினார்கள். உம்மாவும் உயர்தரம் முடித்து வீட்டிலிருந்தார். அதிபர் எங்கள் உம்மும்மா வீட்டு வாசலுக்கு வந்து, "மகளை ஒரு மூணு மாசத்துக்கு அனுப்புங்க" என்று கேட்டார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

எங்கள் வளவிலேயே இன்னொரு வீடு இருக்கிறது. அது உம்மாவின் தங்கையான சாச்சியின் வீடு. சாச்சி திறந்த போட்டிப் பரீட்சை எழுதி முகாமைத்துவ உதவியாளராகத் தெரிவானவர். அவருடைய நியமனக் கடிதத்தில் அந்தப் பதவி "நிரந்தரமானதும் ஓய்வூதிய உரித்துடையதும்" என்று எழுதப்பட்டிருக்கிறது. உம்மும்மா அந்தக் கடிதத்தைக் குர்ஆன் வைக்கும் அலுமாரிக்குள்தான் வைத்தார். உம்மாவிடம் அப்படியொரு கடிதம் இல்லை. அதிபர்கள் காலத்துக்குக் காலம் எழுதிக்கொடுத்த சேவைச் சான்றிதழ்கள் மட்டும் ஒரு நீல நிற பைலில் இருக்கின்றன. இரண்டு பேரும் ஒரே தாயின் பிள்ளைகள். இருவரும் செய்வது அரசாங்கத்தின் வேலை. இருவரும் காலையில் ஒரே முச்சக்கரவண்டியில் ஏறிப் போவார்கள். ஆனால் அந்தக் கடிதம் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதை நான் அவர்களுடைய சம்பளத்தை வைத்து அறியவில்லை. ஒரு பிறப்பையும் ஒரு மௌத்தையும் வைத்தே அறிந்தேன்.

முதலில் பிறப்பு. சாச்சிக்குக் குழந்தை கிடைத்தபோது அவர் கந்தோரில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அரச உத்தியோகத்தர்களுக்கான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் விடுமுறைகளைப் பற்றியது. அதன்படி பிரசவத்துக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வேலை நாட்கள் என்பதால் சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அது முடிந்த பிறகும் பிள்ளையோடு இருக்க விரும்பினால் இன்னும் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், அதற்குப் பிறகு 84 நாட்கள் சம்பளமில்லாமலும் எடுக்கலாம். சம்பளமில்லாத அந்த நாட்களில்கூட அவருடைய கதிரை அவருடையதுதான். சாச்சி திரும்பிப் போன அன்று அதே மேசை, அதே கோப்புகள்.

என் தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. உம்மா நாற்பது கழித்த மறுவாரமே பாடசாலைக்குப் போனார். உம்மும்மா தம்பியைத் துணியில் சுற்றி, இடைவேளை நேரத்தில் பாடசாலைப் பின்வாசலுக்குக் கொண்டுபோவார். உம்மா நூலகத்தின் மூலையில் இருந்து பால் கொடுப்பார். யாரும் உம்மாவை வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் சுகமெடுத்து வாங்க டீச்சர்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் உம்மாவின் பாடவேளைகளை எடுப்பதற்கு வேறொரு யுவதி வந்துவிட்டிருந்தார். அவரும் உயர்தரம் முடித்தவர். அவரும் ஒரு நாள் நியமனம் வரும் என்று நம்பி வந்தவர். சம்பளமில்லாத அந்த இடத்துக்கும் வரிசையில் ஆள் நின்றது. உம்மா அந்தப் பிள்ளையை ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அவவுக்கும் என்ன வழி" என்பார்.

அடுத்தது மௌத்து. நான் நான்காம் தரத்தில் படிக்கும்போது வாப்பா வபாத்தானார். உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் என்பது நம் மார்க்கம் வகுத்த காலம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்போது தெரியாத ஒன்றைப் பின்னர் சாச்சிதான் சொல்லித் தந்தார். சாச்சியின் பிரசவ விடுமுறை எழுதப்பட்டிருந்த அதே 12ஆம் அத்தியாயத்தில் இத்தாவும் எழுதப்பட்டிருக்கிறது. முஸ்லிம் பெண் உத்தியோகத்தரின் கணவர் இறந்தால் அவருக்கு நான்கு மாதமும் பத்து நாளும் விசேட விடுமுறை, அதுவும் முழுச் சம்பளத்துடன். நம்முடைய துக்கத்தின் நாட்களை இந்த நாட்டின் அரசாங்கம் எண்ணி, தன் விதிக்கோவையில் பதிந்து வைத்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. அந்த வரி உம்மாவைத் தொடாது என்பது அடுத்த கணத்தில்தான் புரிந்தது. உத்தியோகத்தருக்குத்தான் விடுமுறை. உம்மா உத்தியோகத்தர் அல்லர்.

வாப்பாவின் உழைப்பு நின்றது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதாமாதம் உம்மாவுக்குக் கொடுத்துவந்த 3,000 ரூபாயும் வேலைக்குப் போகாத மாதங்களில் இல்லை. மாலையில் வீட்டில் நடத்திவந்த வகுப்பும் நின்றது. பள்ளிவாசல் மௌலவி உம்மாவின் நிலைமையைக் கேட்டுவிட்டு, வாழ்வாதாரத் தேவை இருந்தால் பகலில் வெளியே போய்வர இடமுண்டு என்று உம்மும்மாவிடம் சொல்லி அனுப்பினார். இத்தாவிலிருந்த ஜாபிர் (ரலி) அவர்களின் தாயின் சகோதரி தன் பேரீச்சங்கனிகளைப் பறிக்கப் போவதற்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியையும் எடுத்துச் சொன்னார். ஆக, மார்க்கம் உம்மாவுக்குக் கதவை அடைக்கவில்லை. ஆனால் உம்மா இருக்கவே விரும்பினார். பதின்மூன்று வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதருக்காக அழுவதற்கு அவருக்கு அந்த நாட்கள் வேண்டும். இதே ஆசை சாச்சிக்கு வந்திருந்தால் அது ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும். உம்மாவுக்கோ அது, துக்கமா இடமா என்ற கேள்வியாக வந்து நின்றது.

உம்மா துக்கத்தைத் தேர்ந்தார். இத்தா முடிந்து திரும்பிப் போனபோது இடமும் இருந்தது, ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக்கு எப்போதும் ஆள் தேவைதானே. சிக்கல் வேறொரு வழியில் வந்தது.

அதன் பின் ஒரு காலத்தில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. தொடர்ச்சியாகச் சேவை செய்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அதற்கான அத்தாட்சி என்ன? நியமனக் கடிதம் இல்லாதவருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை. வரவு இடாப்பில் உள்ள கையொப்பமும், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உள்ள குறிப்பும்தான் அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. உம்மா நீல பைலோடு போனார். எல்லா வருடங்களுக்கும் பிரதி இருந்தது. ஒரு வருடத்தில் மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் கையொப்பம் இல்லை. "ஏன் இந்த இடைவெளி?" என்று கேட்டார்கள். உம்மா மரணச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் எடுத்து வைத்தார். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார், அனுதாபமும் சொன்னார், பின்னர் எதையோ குறித்துக்கொண்டார். பட்டியல் வெளிவந்தபோது உம்மாவின் பெயர் அதில் இல்லை. காரணம் எழுதப்படவில்லை. இதுதான் காரணம் என்று நானும் இங்கே எழுதமாட்டேன். ஆனால் நிரந்தர ஆசிரியை ஒருவரின் கோப்பில் "இத்தா விடுமுறை" என்று பதியப்படும் அதே நாட்கள், உம்மாவின் கோப்பில் "இடைவெளி" என்று பதியப்பட்டன என்பது மட்டும் உறுதி.

இதை எழுத உட்கார்ந்தபோது எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. நிச்சயமற்ற வேலை ஆண்களுக்கும் இருக்கிறதே, இதில் பெண்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? இருக்கிறது என்றே நினைக்கிறேன். நிச்சயமற்ற வேலை, மனிதரிடம் ஒன்றை மட்டுமே கேட்கிறது: இடைவிடாமல் வந்துகொண்டிரு என்கிறது. பெண்ணின் வாழ்க்கையோ இடைவெளிகள் உள்ள வாழ்க்கை. கர்ப்பம், பிரசவம், பாலூட்டல், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குப் பாரிசவாதம், இத்தா. வீட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் வேலையை விட்டு வீட்டில் நிற்பவர் யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைப் பார்த்துச் சொல்லலாம். நிரந்தர நியமனம் இந்த இடைவெளிகளை விடுமுறை என்று அழைத்துப் பாதுகாக்கிறது. மற்ற எல்லா வகை வேலையும் அவற்றை எண்ணிக் கழிக்கிறது.

தொண்டர் என்பது அந்த வகைகளில் ஒன்றுதான். அமைய அடிப்படை, ஒப்பந்த அடிப்படை, பதிலாள், பயிலுநர் என்று அரச அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் பல பெயர்கள் உண்டு. காலையில் நம் சின்னத் தம்பி தங்கைகளின் கைபிடித்து உள்ளே அழைத்துப்போகும் முன்பள்ளி ஆசிரியைகளை எண்ணிப்பாருங்கள். அவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள். மாகாண மட்டத்தில் பயிற்சியும் மேற்பார்வையும் உண்டு, ஆனால் கையில் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய்க் கொடுப்பனவு. அரச பாடசாலை ஆசிரியர்களிலும் நால்வரில் மூவர் என்ற அளவில் பெண்களே இருக்கிறார்கள். கற்பித்தல் பெண்களுக்குப் பொருத்தமான தொழில் என்று எல்லாரும் சொல்கிறோம். அந்தத் தொழிலின் வாசற்படியில் சம்பளமில்லாமல் காத்து நிற்பதும் பெண்களுக்குப் பொருத்தமானது என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

படித்துப் பட்டம் பெற்றால் இந்த நிலை வராது என்று நினைப்போம். என் மாமியின் மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 2020இல் பல்லாயிரம் பட்டதாரிகளோடு அவரும் அரச சேவையில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டார். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். ஒரு வருடம் என்று சொல்லப்பட்ட பயிற்சி. மச்சிக்கு நிரந்தரக் கடிதம் 2022 பிறந்த பின்னர்தான் கைக்கு வந்தது. இடையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுப்பது வழக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மாமா அரைவாசியில் நின்ற வீட்டை முடிக்க மகளின் பெயரில் வங்கிக் கடன் எடுக்கலாம் என்று போனார். வங்கியில் நிரந்தர நியமனக் கடிதம் கேட்டார்கள். பிணைக்கு நிற்கும் இருவரும்கூட நிரந்தர உத்தியோகத்தர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். கலியாணம் தள்ளிப் போனது. மச்சியின் கதை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பட்டம் பெற்ற ஒரு பெண்ணின் வாழ்க்கை, கூரை போடாத ஒரு வீட்டுக்குள் இரண்டு மழைக்காலம் காத்து நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

இதற்கு மறுபக்கம் உண்டு. சாச்சியின் கணவர் அதைத்தான் எப்போதும் சொல்வார். "எல்லாருக்கும் நிரந்தர நியமனம் குடுத்தா அரசாங்கம் சம்பளம் எங்கேருந்து குடுக்கிறது?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று 2022 ஏப்ரலில் நாடே அறிவித்ததை நாங்கள் மறக்கவில்லை. எரிவாயு வரிசையில் நான் சிலிண்டரோடு நின்றிருக்கிறேன். பரீட்சை எழுதாமல், போட்டியிடாமல், அதிபருக்குத் தெரிந்தவர் என்பதால் உள்ளே வந்தவர்கள் நிரந்தரமாக்கப்பட்டால், பரீட்சை எழுதிக் காத்திருப்பவருக்கு அது அநீதி என்றும் சொல்கிறார்கள். அதையும் நான் ஏற்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. வேலை இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். வேலை இருக்கிறது, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள், பாடவேளையும் நேரசூசியில் இருக்கிறது, ஆனால் அதைச் செய்பவர் மட்டும் பதிவில் இல்லை என்று எப்படிச் சொல்வது? இருபது வருடமாக ஒரு வெற்றிடத்தை ஒருவர் நிரப்புகிறார் என்றால், அங்கே வெற்றிடம் இருந்தது என்பதற்கு அவரே சாட்சி. எல்லாரையும் நிரந்தரமாக்குவது முடியாத காரியமாக இருக்கலாம். வேலை செய்பவரின் பெயரையும் நாட்களையும் முறையாகப் பதிவது முடியாத காரியம் அல்ல. பிரசவத்தையும் இத்தாவையும் "இடைவெளி" என்று கழிக்காமல் சேவைக் காலமாக எண்ணுவதற்குப் புதிதாகப் பணம் தேவையில்லை. அந்த நாட்களை எப்படி எண்ணுவது என்பது ஏற்கெனவே விதிக்கோவையில் இருக்கிறது. அதைப் பக்கத்து வகுப்பறையில் நிற்பவருக்கும் நீட்டினால் போதும்.

உம்மாவுக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. அரச சேவையில் ஓய்வுபெறும் வயது 60. நாளையே நியமனம் வந்தாலும் அவருக்கு மிஞ்சியிருப்பது பதினேழு வருடம். பின்னால் உள்ள இருபது வருடத்தை எந்தக் கணக்கும் ஏற்காது. நியமனத் திகதியிலிருந்துதான் ஓய்வூதியத்துக்கான சேவை தொடங்கும். உம்மாவிடம் எண்கற்றவர்கள் இன்று வங்கியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பாடசாலையிலேயே கணிதம் படிப்பிக்கிறார். அவர் உம்மாவைக் கண்டால் எழுந்து நின்று ஸலாம் சொல்வார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. உம்மா அதைச் சொல்லும்போது முகத்தில் கசப்பு இருக்காது. சந்தோஷமாகவே சொல்வார். கசப்பு எனக்குத்தான்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "சும்மா வீட்டிலிருக்கிறதுக்கு ஸ்கூலுக்குப் போய்வரட்டும், ஒரு நாளைக்கு நியமனம் கிடைக்கும்" என்று மகளை அனுப்பும்போது, அந்த ஒரு நாளுக்கு ஒரு திகதி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமோ மூன்று வருடமோ, அதற்கிடையில் அவள் பரீட்சை ஒன்றுக்குப் படிக்கட்டும், கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கட்டும், ஒரு கைத்தொழில் பழகட்டும். மகளின் உழைப்புக்கு வீட்டார் விலை குறிக்காவிட்டால் வெளியார் குறிக்கமாட்டார்கள்.

சக மாணவிகளே, உயர்தரம் முடிந்ததும் நம்மில் பலர் ஏதோ ஒரு கந்தோர் வாசலில் நிற்கப்போகிறோம். கையில் ஒரு கடிதம் நீட்டப்பட்டால் சந்தோஷத்தில் கையொப்பமிட்டுவிட்டு ஓடிவராமல், நின்று வாசியுங்கள். நிரந்தரமா, அமையமா, பயிலுநரா என்று பாருங்கள். எத்தனை மாதத்துக்கு, யாருடைய கையொப்பத்துடன் என்று பாருங்கள். பிரசவத்துக்கும் இத்தாவுக்கும் விடுமுறை உண்டா என்று கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கடிதமே இல்லையென்றால், வேலை தொடங்கிய திகதியை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

நான் இந்த முறை உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறேன். போன வாரம் அடையாள அட்டையின் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் தேவைப்பட்டன. உம்மா கடையிலிருந்து புதிய பைல் ஒன்று வாங்கி வந்து என் கையில் தந்தார். பச்சை நிறம். "ஒவ்வொரு கடதாசிக்கும் ரெண்டு கொப்பி எடுத்து வைங்க மகள்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்டு என்னட்டத் தாங்க, நான் வெச்சிருக்கன்" என்றார்.